அசரியாவும் அசையத் தொடங்கிய சபையும்

1902-ஆம் ஆண்டு. ஒய்.எம்.சி.ஏ. செயலராக யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கே கண்டதில் வெட்கப்பட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையைக் கொண்டு, கடல் கடந்து தமிழகக் கரையில் ஊழியம் நடத்தி வந்தார்கள். 1785-லேயே பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்தைக் கண்ட திருநெல்வேலிச் சீமைக்கோ, அயல்மொழி நிலத்துக்கு ஆள் அனுப்பும் சொந்தச் சங்கம் ஒன்று இல்லை.

அன்றைய திருநெல்வேலியில் எது குறைவாக இருந்தது? ஆலயங்கள் இருந்தன, பள்ளிகள் இருந்தன. குருமாரும் உபதேசியார்களும் நிறையவே இருந்தார்கள். பண்டிகைகள் முறைப்படி நடந்தன. ஆனால் சபை தன்னைப் பராமரித்துக்கொள்வதோடு நின்றிருந்தது. பெரிய முடிவுகளில் கடைசிச் சொல் பெரும்பாலும் மிஷனெரி பங்களாவிலிருந்தே வந்தது. ஊழியத்தின் தேக்கத்தை நாம் வருமானக் குறைவிலும் கூட்டக் குறைவிலும் தேடுகிறோம். எண்ணிக்கையும் வசதியும் இருக்கும்போதே ஊழியம் தேங்கிவிடும் என்பதைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் அசரியா அடைந்த வெட்கம் செயலாக மாறி, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. மூன்றில் இரண்டை மட்டும் ஏற்பது எளிது. ஆளையும் பணத்தையும் கேட்டுப் பெற்றுக்கொண்டு, நிர்வாகத்தை மட்டும் கைவிடாத கமிட்டிகளை நாம் அறிவோம். சங்கத்தின் உயிர் அந்த மூன்றாவதில்தான் இருந்தது. தேர்ந்துகொண்ட களமும் சுலபமானதல்ல. நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கல் பகுதி தெலுங்கு பேசும் நிலம். திருநெல்வேலித் தமிழருக்குப் பழக்கமில்லாத ஊர்கள்.

1909-இல் அசரியா செய்ததுதான் என்னை மிகவும் தொடுகிறது. நாடு முழுவதும் பயணம் செய்து பேசும் பொறுப்பை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, அவரே தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். பிறரை அனுப்பும் இடத்தில் இருந்தவர் தாமே புறப்பட்டது எத்தனை மேடைப் பேச்சுகளுக்குச் சமம்! 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதற்கு முன்னால் எழுந்த எதிர்ப்பு வெள்ளைக்கார மிஷனெரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு. நம்மில் ஒருவர் தலைவராவதை நாமே பொறுக்காத அந்த நோய் இன்னும் தீரவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தோர்ணக்கல்லில் அவருக்கு முன் நின்றவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். நிலமும் எழுத்தும் மறுக்கப்பட்டவர்கள். அவர்களை நம்பி எதை ஒப்படைக்க முடியும் என்று பலர் கேட்டிருக்கக்கூடும். அசரியா அவர்களிலிருந்தே கிராம ஆசிரியர்களையும் குருமாரையும் எழுப்பினார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிப்பது தங்கள் கடமை என்று பவுலின் சொற்களால் அறிக்கையிடச் செய்தார். நேற்று வந்தவருக்கு இன்றே பொறுப்பு. நம் சேகரங்களிலோ, இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர் அசன விழாவுக்குப் பந்தி பரிமாறலாம், நாற்காலி அடுக்கலாம். கணக்குப் புத்தகத்தைத் தொட முடியாது. பெண்கள் ஐக்கிய சங்கம் திரட்டும் காணிக்கை எங்கே செலவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் பெண்கள் எத்தனை பேர்?

எழுப்புதல் கூட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவற்றில் மனம் திரும்பியவர்கள் என் குடும்பத்திலேயே உண்டு. கூட்டம் முடிந்த திங்கட்கிழமை, அனல் மூண்ட மனிதனிடம் ஒரு வேலையை ஒப்படைக்க ஆள் இல்லையென்றால் அந்த அனல் எங்கே போகும் என்பதுதான் என் கேள்வி.

ஆகவே இதை வாசிக்கும் சேகரக் கமிட்டியாரிடம் ஒரு விண்ணப்பம். மிஷனெரிக் காணிக்கையை மூன்று ஆண்டுகளுக்கு, முப்பது வயதுக்குட்பட்ட ஆண்களும் பெண்களும் அடங்கிய ஒரு குழுவிடம் முழுமையாக ஒப்படையுங்கள். களத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அவர்களே போய்ப் பார்க்கட்டும், சபைக்கு அவர்களே கணக்குச் சொல்லட்டும். சில தவறுகள் நேரும். அப்போது காணிக்கையைத் திரும்பப் பிடுங்காமல், கேட்டால் ஆலோசனை சொல்லுங்கள்.