பச்சையப்ப வள்ளலின் மரண சாசனம்

கூட்டேரிப்பட்டு வழியாகத் தெற்கே தில்லைக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள், அத்திருக்கோயிலின் கீழைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கிக் கைகுவிப்பர். அக்கோபுரத் திருப்பணியோடு வள்ளல் பச்சையப்ப முதலியார், அவர்தம் தமக்கையார் சுப்பம்மாள் ஆகிய இருவர் பெயரும் சேர்ந்து வழங்குகின்றன. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனினும் பெரிதான அவருடைய தருமமொன்று நீதிமன்ற ஏடுகளுக்குள் நெடுங்காலம் சிறைப்பட்டுக் கிடந்ததைப் பலர் அறியார்.

காஞ்சிபுரத்து விசுவநாத முதலியாரின் மைந்தராக 1754-ஆம் ஆண்டில் தோன்றியவர் பச்சையப்பர். அவர் கருவிலிருக்கும்போதே தந்தையார் சிவபதம் எய்தினார். ஆதரவற்ற குடும்பம் சென்னையை அடைந்தது. ஆங்கு பவுனி நாராயண பிள்ளை என்னும் பெருவணிகர் சிறுவனின் கூரிய அறிவைக் கண்டு தொழில் பழக்கினார்.

அந்நாளில் துபாஷி என்பார் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வெள்ளையருக்குச் சரக்குக் கொள்முதல் செய்தல், கடன் பெற்றுத் தருதல், கணக்கு வைத்தல் யாவும் அவர் பொறுப்பே. இத்தொழிலில் பச்சையப்பர் இளமையிலேயே முன்னணிக்கு வந்தார். பின்னர்த் தஞ்சை அரசருக்கும் பெரும்பொருள் கடனாக வழங்கினார். அக்காலத்து வட்டி சிறிதன்று. அரசு பட்ட கடனின் சுமை உழவன் தோளிலும் இறங்கிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஈட்டிய பொருளைப் பூட்டி வைக்கும் மனம் அவருக்கு இல்லை. கோயில்களுக்கும் அன்னதானத்துக்கும் வாரி வழங்கினார்.

நாற்பதாம் பிராயத்தில் நோய் வந்துற்றது. ஆண் மகவு இல்லை. 1794 மார்ச்சு 22-ஆம் நாள் மரண சாசனம் எழுதி, தம் பொருளைச் சிவாலய, விஷ்ணுவாலயக் கைங்கரியங்களுக்கும் பிற தருமங்களுக்கும் உரித்தாக்கினார். தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே பொறுப்பை ஒப்புவித்தார். அம்மாதம் 31-ஆம் நாள் திருவையாற்றில் இறைவன் திருவடி சேர்ந்தார். இந்நாட்டவர் ஒருவர் தம் பொருளை இங்ஙனம் சாசனம் எழுதி அறத்துக்கு வைத்தது அக்காலத்தில் அரிய செயல்.

அதன்பின் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. உரிமை கோரினோர் வழக்காடினர், ஆண்டுகள் உருண்டன, தருமங்கள் நடைபெறாது நின்றன. சென்னை உச்ச நீதிமன்றத்தில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் ஹெர்பர்ட் காம்ப்டன் இவ்வறத்தைக் கையிலெடுத்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டன் விடாது முயன்றார். இடையில் வட்டி வளர்ந்து, வள்ளல் குறித்த தருமங்களுக்கு வேண்டியதினும் மிக்க பொருள் திரண்டுவிட்டது! கோயிற் கட்டளைகளுக்கு உரியதை ஒதுக்கியபின் எஞ்சியதைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்தது.

இவ்வாறு 1842 சனவரி முதல் நாள் சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. 1850-இல் கிரேக்க ஆலயமொன்றைப் போன்ற தூண்களுடன் அதற்கு மண்டபம் எழுந்தது. 1889-இல் கல்லூரியாகி, 1940-இல் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. கணித மேதை இராமாநுஜனும் அறிஞர் அண்ணாவும் அக்கல்லூரியிற் பயின்றனர். கோயிற் கட்டளைகளையும் கல்விச் சாலைகளையும் ஒரே அறக்கட்டளை பேணி வரலாயிற்று.