மலேசியத் தமிழ்ப் பேச்சில் ஆங்கில வினைகள்: 'பண்ணு' வந்த வழி

முன்னுரை

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் 'லோன் அப்ளை பண்ணுனேன்', 'அவர எக்ஸ்பிளெயின் பண்ண விடுங்க' போன்ற தொடர்களை நாம் நாள்தோறும் கேட்கிறோம். இவற்றைத் தமிழின் சிதைவென ஒதுக்குவோரும் உளர். காலத்தின் போக்கென விட்டுவிடுவோரும் உளர். இத்தொடர்கள் எவ்வாறு அமைந்தன, எவ்வழியே இப்பள்ளத்தாக்கின் பேச்சில் நிலைபெற்றன என்பதை ஆராயாது இவ்விரு முடிவுகளுள் எதனையும் ஏற்பது பொருந்தாது. இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குகிறது.

பழைய மரபு

வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைந்த வடசொற்கள் செய்யுளில் இடம்பெறலாம் என்று தொல்காப்பியம் எச்சவியலில் விதி வகுக்கிறது. அயற்பெயர்ச்சொல்லுக்கு இவ்வெழுத்து மாற்றமே போதுமானது. வேற்றுமையுருபு ஏற்றவுடன் அது தமிழ்த் தொடரில் பொருந்திவிடும். வினையின் நிலை வேறு. அது காலத்தோடு திணை, பால், எண், இடம் ஆகியவற்றையும் காட்ட வேண்டும்.

இதற்குத் தமிழ் இரு வழிகளைக் கண்டது. அயற்சொல்லின் இறுதியில் இகரம் சேர்த்து அதனையே வினைப்பகுதியாக்குவது ஒன்று: ஆரம்பி, தரிசி, உபதேசி. அயற்சொல்லைப் பெயர்போல் நிறுத்தித் தமிழ் வினையை அதனோடு சேர்ப்பது மற்றொன்று: தானம் பண்ணு, வசூல் பண்ணு, ரத்து செய். முதல் வழி பெரும்பாலும் வடசொற்களோடு நின்றுவிட்டது. அரபு, பாரசீகச் சொற்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வழியே பயன்பட்டது. ஆங்கில வினைகள் வந்தபோது அவ்வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

'பண்ணு' புதிய சொல்லன்று. யாழைச் சுருதி கூட்டி அமைத்தலையும் தேரையும் குதிரையையும் ஆயத்தம் செய்தலையும் பழைய வழக்கில் 'பண்ணுதல்' குறித்தது. விவிலியத் தமிழில் 'அறியப்பண்ணு', 'நிற்கப்பண்ணு' எனப் பிறவினைப் பொருளிலும் அது பெருக வழங்கியது. எனவே 'பண்ணு' கொச்சை என்னும் கருத்துக்கு மொழிவரலாறு இடந்தரவில்லை.

தோட்டமும் இரயில்வேயும்

கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றங்கரையோடு இணைக்கும் இரயில்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-இல் செயற்படத் தொடங்கியது. இவற்றைச் சூழ்ந்து இருவகைத் தமிழ்ச் சமூகங்கள் வளர்ந்தன. கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வாழ்ந்தனர். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றிய, யாழ்ப்பாணத்தார் உள்ளிட்ட ஆங்கிலக் கல்வி பெற்றோர் குடியமர்ந்தனர்.

தோட்டத்திற்குள் ஆங்கிலம் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே நுழைந்தது. காலைக் கணக்கெடுப்புக்கு வழங்கிய 'பெரட்டு', அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். தொழிலைக் குறிக்கும் வினையோ தமிழாகவே இருந்தது: மரம் வெட்டினார்கள், பால் எடுத்தார்கள், புல் வெட்டினார்கள். ஆங்கிலம் அறிந்தவரிடமிருந்து சொல்லைக் காதால் மட்டுமே கேட்டவர்கள் பெயர்களையே பெற்றனர். ஆங்கிலத்தில் படித்து எழுதி அலுவல் பார்த்தவர்களின் பேச்சிலேயே ஆங்கில வினை முதலில் வேரூன்றியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

விடுதலைக்குப் பின் இவ்வெல்லை மறைந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, மக்கள் நகரத்துக்கு இடம்பெயர்ந்தனர். 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிப் பள்ளிகளாயின. மலாய் வினைகளும் அதே அமைப்பில் வந்தன: 'காச்சாவ் பண்ணாதே' என்பதைக் கேளாத மலேசியத் தமிழர் அரியர். 2003-இல் கணிதமும் அறிவியலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் 'ஆட் பண்ணு', 'மல்டிப்ளை பண்ணு' என்பன வகுப்பறை வழக்காகவும் இடம்பெற்றன.

எது வந்தது, எது வரவில்லை

இத்தொடர்களில் ஆங்கிலம் தருவது உருபேலாத வினைவடிவம் ஒன்றையே. 'நேற்று அப்ளை பண்ணினான்' என்கிறோம். ஆங்கில இறந்தகால வடிவை அங்கு வைப்பதில்லை. காலத்தைத் தமிழ் வினையே காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்னும் ஒரே வடிவம் தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. தமிழரோ 'கார் ஸ்டார்ட் ஆச்சு', 'காரை ஸ்டார்ட் பண்ணினான்' என வேறுபடுத்துகின்றனர்.

'லெட் ஹிம் கோ' என்னும் தொடரில் செயப்படுபொருள் வடிவிலான பதிலிப்பெயரும் அதனையடுத்து 'டு' இல்லாத வினையும் வருகின்றன. 'அவரைப் போக விடு' என்பதில் இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயரும் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமும் வருகின்றன. 'அவரைப் போகச் சொல்' என்பதிலும் அதே எச்சம்தான். ஆங்கிலமோ 'டெல்' என்பதற்குப்பின் 'டு' கேட்கிறது. நம் மாணவர் 'மேக் ஹிம் டு கோ' என எழுதும் பிழைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகலாம். 'எக்ஸ்பிளெயின் பண்ண விடுங்க' என்பதிலோ குழப்பமே இல்லை. 'பண்ண' என்னும் எச்சமும் 'விடுங்க' என்னும் மரியாதைப் பன்மையும் முழுமையாகத் தமிழ்.

நகர்ப்புற மலாய்ப் பேச்சில் 'ஐ', 'யூ' ஆகிய ஆங்கிலப் பதிலிப்பெயர்களும் இயல்பாகப் புழங்குகின்றன. ஆங்கில வினையும் துணைவினையின்றி நேரே வருகிறது. மலாய் வினை இடமும் காலமும் காட்டும் விகுதி ஏலாதது என்பதே இதற்குக் காரணம். தமிழில் வினைமுற்றே இடத்தைக் காட்டுவதால் அவ்வாசல் எளிதில் திறப்பதில்லை. இந்தியில் 'கர்னா', ஜப்பானியத்தில் 'சுரு' ஆகியனவும் 'பண்ணு' போலவே காவல் நிற்கின்றன.

முடிவுரை

எனவே 'பண்ணு' தமிழின் கட்டமைப்பைக் காத்த சொல்லேயன்றிக் கெடுத்த சொல்லன்று. மாணவர் கட்டுரையில் 'அப்ளை பண்ணினான்' என்பதை 'அப்ளை செய்தான்' எனத் திருத்துவதால் பயன் ஏதுமில்லை. 'விண்ணப்பித்தான்' என்பதே திருத்தம்.

உண்மையான இழப்பு சொல்வளத்தில் நிகழ்கிறது. காய் நறுக்குதல், கீரை அரிதல், முடி வெட்டுதல், துணி கத்தரித்தல், கதிர் அறுத்தல், சம்பளம் பிடித்தல், தொடர்பைத் துண்டித்தல் ஆகிய அனைத்துக்கும் 'கட் பண்ணு' என்னும் ஒன்றே போதுமென்றாகிவிட்டது. ஏழு வினைகள் இருந்த இடத்தில் ஒன்று நிற்கிறது. தொடரின் சட்டகம் தமிழாக இருப்பதால் இவ்விழப்பு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆறாண்டுத் தொடக்கக் கல்வியோடு தமிழ்வழிக் கல்வி முடிந்துவிடும் இந்நாட்டில், ஆசிரியரின் சிவப்பு மை 'பண்ணு'வின் மீது செலவாவதைவிட, அதன் முன் நிற்கவேண்டிய தமிழ் வினைகளை மாணவர்க்கு மீட்டுத்தருவதில் செலவாவதே தக்கது.