வானத்து வாய்க்காலில் ஒரு கடைமடை வழக்கு

வெள்ளகோவில் பக்கத்துக்காரர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைங்க. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவர்கள் நாம். நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். ஆனாலும் மேலே யாரோ ஒருவர் ராத்திரியில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் இங்கே மடை காய்ந்துவிடும்.

ரேடியோ அலைகளுக்கும் அப்படி ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதிலும் முறை உண்டு, தகராறு உண்டு, கடைமடையும் உண்டு. மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நான் பிழைக்கிற ரேடியோ துறையிலிருந்து இந்த வழக்கின் வரலாற்றையே எழுதலாம் என்று தோன்றியது. மூத்தவர்களுக்கு இது பழைய நினைவு. படிக்கிற தம்பி தங்கைகளுக்கு நாளைய வேலை.

பொதுக்கிணறு

1962 ஜூலை 10 அன்று டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது பூமிக்கு அனுப்பிய சிக்னல் 4000 மெகாஹெர்ட்ஸ் அருகே இருந்தது. அந்த இடம் காலியாகக் கிடந்த இடமில்லை. அமெரிக்காவில் தொலைபேசிப் பேச்சுகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோன மைக்ரோவேவ் கோபுரங்கள் ஏற்கெனவே அங்கே குடியிருந்தன. அதனால்தான் டெல்ஸ்டாருக்கான நிலையத்தை மேய்ன் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில், சுற்றிலும் குன்றுகள் உள்ள இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். குன்றுதான் வேலி.

அடுத்த ஆண்டே, 1963-ல், ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி விண்வெளித் தொடர்புக்கான பங்கைப் பேசி முடித்தன. 4000, 6000 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை யாருக்கும் தனியாகத் தரவில்லை. இரண்டு பேருக்கும் பொதுக்கிணறு மாதிரி விட்டார்கள். கோபுரத்தின் சக்திக்கு ஒரு வரம்பு, செயற்கைக்கோளிலிருந்து தரையில் விழும் சக்திக்கு ஒரு வரம்பு, புதிதாக நிலையம் கட்டுகிறவர் பக்கத்துக்காரரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. கோபுரம் எதிர்க் கோபுரத்தைப் பார்த்தது, டிஷ் வானத்தைப் பார்த்தது. பெரிய சண்டை இல்லாமல் பல ஆண்டுகள் ஓடிவிட்டது.

மொட்டைமாடி டிஷ்

நம் நாட்டில் 1983 ஆகஸ்ட் 30-ல் ஏவப்பட்ட இன்சாட்-1பி இந்தப் பகுதியைப் பரவலான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 1991-ல் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. அப்புறம் என்ன, கொங்கு நாட்டில் தறிக்கூடம் உள்ள ஊரிலெல்லாம் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் 12 அடி டிஷ் முளைத்துவிட்டது. கேபிள்காரர் வீட்டு மாடிதான் ஊருக்கே அடையாளம்.

1995-ல் கேபிள் டிவி சட்டம் வந்தது. ஆபரேட்டர்கள் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்தார்கள். ஆனால் அது தொழிலுக்கான பதிவு. இந்த மாடியில், இந்தத் திசையைப் பார்த்து, இந்த டிஷ் நிற்கிறது என்று அலைவரிசைப் பாதுகாப்புக்காக எழுதிய கணக்கு அல்ல. கேட்க மட்டும் செய்கிற டிஷ் யாருக்கு என்ன தொந்தரவு தரப்போகிறது? யாரும் கவலைப்படவில்லை.

கேட்கிறவனுடைய நிலைமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே சக்தியில் 1 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கோபுரம் ஒலிபரப்பினால், தூரத்தின் வர்க்கப்படி அது 130 கோடி மடங்கு பலமாக வந்து சேரும். 12 அடி டிஷ் வானத்துச் சிக்னலைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் குவித்துத் தரும். பக்கவாட்டில் வருவதை அப்படிக் குவிக்காது. அப்படியும் கோபுரம் லட்சம் மடங்கு பலசாலி. தறி ஓடுகிற கூடத்தில் நின்றுகொண்டு, அடுத்த ஊரில் பேசுகிற பேச்சைக் கேட்கிற கதைதான்.

மேல்மடையில் மோட்டார்

2007-ல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில், 3400 மெகாஹெர்ட்சுக்கு மேலே ஒரு பகுதியைக் கைபேசிச் சேவைக்கும் அடையாளம் காட்டிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த ஏலத்தில் 3300 முதல் 3670 வரை 5ஜி-க்கு விடப்பட்டது. 3600-க்கு மேலே அந்த ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்த டிவி சேனல்கள் 3700-க்கு அப்பால் நகர வேண்டியதாயிற்று. நடுவில் வரப்பாக நின்றது 30 மெகாஹெர்ட்ஸ் மட்டும்.

வரப்பு இருக்கிறதே, அப்புறம் என்ன இடைஞ்சல் என்று மாணவர்கள் கேட்கலாம். டிஷ்ஷின் வாயில் இருக்கும் எல்.என்.பி. என்ற பெருக்கி, வரப்பு பார்த்து வாங்குகிற ஜாதி இல்லை. பழைய எல்.என்.பி. பல 3400-லிருந்தே காதைத் திறந்து வைத்திருக்கும். தன் பகுதிக்குள் ஒழுங்காக நிற்கிற 5ஜி கோபுரத்தின் சத்தமே அதைத் திக்குமுக்காட வைத்துவிடும். பெருக்கி திணறினால் 4100-ல் வருகிற சேனலும் சேர்ந்தே போய்விடும். இது ஒரு வகை. கோபுரத்திலிருந்து வரப்பு தாண்டிக் கசிகிற மிச்சம் இன்னொரு வகை. அதைக் கோபுரத்துக்காரர்தான் அடைக்க வேண்டும். முதல் வகைக்கு மருந்து, எல்.என்.பி.க்கு முன்னால் மாட்டுகிற ஃபில்டர். சின்ன உலோகக் குழாய்தான். ஆனால் சிக்னலில் கொஞ்சம் குறையும், காசும் ஆகும்.

அந்தக் காசு யாருடையது என்பதுதான் வழக்கின் மையம்.

எழுதி வைத்தவன் பங்கு

அமெரிக்காவிலும் இதே தகராறு நடந்தது. அங்கே 2018-ல், கேட்க மட்டும் செய்கிற டிஷ்களையும் பதிவு செய்துகொள்ள அவகாசம் கொடுத்தார்கள். பிறகு 3700 முதல் 3980 வரை கைபேசிப் பக்கம் போனது. 2021 பிப்ரவரியில் முடிந்த ஏலத்தில் 8,000 கோடி டாலருக்கு மேல் வந்தது. பதிவில் இருந்த டிஷ்காரர்களுக்கு ஃபில்டர் செலவும் மாற்றுச் செலவும் ஏலம் எடுத்தவர்கள் தலையில் விழுந்தது. பதிவு செய்யாதவருக்கு அந்தப் பாத்தியதை கிடையாது.

நம் ஊர்களில் இன்று பல கேபிள்காரர்களுக்குச் சிக்னல் ஃபைபரிலேயே வந்துவிடுகிறது. வானத்தைப் பார்க்கிற டிஷ்கள் பெரும்பாலும் நகரத்து ஹெட்எண்டில் நிற்கின்றன. அதனால் வழக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இடம்தான் மாறுகிறது. அதே 2022 ஏலத்தில் உயர் அலைவரிசையில் விற்பனையை 27.5 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்தினார்கள். அதற்கு மேலே செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் கிடைத்தது. அதன் செயற்கைக்கோள்கள் பூமிக்கு அருகே தாழ்வான பாதையில் சுற்றுகிறவை. வாய்க்காலில் புதுப் பங்காளிகள் வந்துகொண்டேயிருப்பார்கள்.

1963-ல் பக்கத்துக்காரரோடு பேசிக்கொண்டு கட்டியவர்கள் பிழைத்தார்கள். பிறகு வந்த மாடி டிஷ் எந்தக் கணக்கிலும் ஏறாததால், பங்கு பிரிக்கிறபோது அதன் சார்பில் பேச ஆளில்லாமல் போயிற்று. மெல்லக் கேட்கிறவனுக்கு இருக்கிற ஒரே பலம், அவன் இங்கே இருக்கிறான் என்கிற எழுத்துதான். நம் கடைமடை விவசாயிகளுக்கு ஆயக்கட்டுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே இது புரிந்துவிடும்.

இறுதியாண்டு படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. ப்ராஜெக்ட்டுக்கு அலைய வேண்டாம். நம் பகுதியில் இன்னும் வேலை செய்கிற டிஷ்களின் இடம், திசை, பக்கத்துக் கோபுரத்தின் தூரம் மூன்றையும் அளந்து ஒரு பட்டியல் போடுங்கள். கூடவே கல்லூரிப் பட்டறையில் ஒரு ஃபில்டர் செய்து, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். உதவி வேண்டுமென்றால் சங்கத்தின் வழியாகச் சொல்லியனுப்புங்கள். சனி, ஞாயிறில் நானே வந்து கூட நிற்கிறேன்.