ஈரக் குப்பையும் புரோகா எரியுலையும்: கைவிடப்பட்ட ஒரு திட்டத்தின் மறுவாசிப்பு

கிள்ளான் பள்ளத்தாக்கின் குப்பையை எரிக்கத் திட்டமிடப்பட்ட புரோகா எரியுலையை மலேசியக் கூட்டரசு அரசாங்கம் 2007இல் கைவிட்டது. நாளொன்றுக்கு 1,500 டன் கொள்ளளவு, ஏறத்தாழ 150 கோடி ரிங்கிட் செலவு, ஜப்பானின் எபாரா நிறுவனத் தொழில்நுட்பம் என்று வகுக்கப்பட்ட திட்டம் அது. முதலில் பூச்சோங் வட்டாரத்துக் கம்போங் போஹோலுக்கெனக் குறிக்கப்பட்டு, அங்கு எதிர்ப்புக் கிளம்பியதும் 2002இல் செமினியை அடுத்த புரோகாவுக்கு மாற்றப்பட்டது. செமினி ஆற்றின் குடிநீருக்கு ஆபத்து என்று கூறி அவ்வட்டார மக்கள் நீதிமன்றப் படியேறினர்.

இவ்வரலாறு பெரும்பாலும் மக்கள் போராட்டத்தின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. அதன் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் அரசாங்கம் சொன்ன காரணம் செலவு. உலைக்குள் போகும் குப்பை எத்தகையது என்ற கேள்விக்கு விடை காணாமலே கோப்பு மூடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2012ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, மலேசிய வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவு. பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாடு முடிந்ததும் வாழையிலைக் கடையின் பின்கட்டைப் பார்த்தாலே இது விளங்கும்: ரசம் ஊறிய சோறு, மடித்த இலை, தேங்காய்ச் சக்கை, மீன்முள் எல்லாம் ஒரே கறுப்புப் பையில். இதை எரித்தால் வெப்பத்தில் கணிசமான பங்கு நீரை ஆவியாக்கவே போய்விடும். லங்காவி, பங்கோர், தியோமான், கேமரன் மலை ஆகிய இடங்களில் அமைந்த சிற்றுலைகள் ஈரக் குப்பையோடு போராடி, டீசல் செலவில் திணறின.

சிங்கப்பூரும் ஈரமான நாடுதானே, அங்கு 1979 முதல் எரிக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலத் தட்டுப்பாட்டால், குப்பையை அழிப்பதற்கான விலையாகவே அச்செலவை அந்நாடு ஏற்றுக்கொண்டது. அந்த விலையை இங்கு யார், எவ்வளவு காலம் செலுத்துவது என்பது புரோகாவில் தெளிவாகவில்லை.

புரோகா கைவிடப்பட்ட அதே 2007இல் திடக்கழிவு, பொதுத் தூய்மை மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. கோலாலம்பூர் அதன்கீழ் வந்தது, சிலாங்கூர் வரவில்லை. ஆகவே 2015இல் தொடங்கிய கட்டாயக் குப்பைப் பிரிப்பு பிரிக்பீல்ட்ஸுக்குப் பொருந்தும், கிள்ளானுக்குப் பொருந்தாது. பள்ளத்தாக்கு ஒன்று, குப்பை விதிகள் இரண்டு. இந்நிலையில்தான் கெப்போங் தாமான் பெரிங்கினில் எரியுலைத் திட்டம் மீண்டும் தலைதூக்கியது. மீண்டும் மக்கள் எதிர்த்தனர்.

தொழில்நுட்பம் மேம்பட்டுவிட்டது என்பது மட்டும் இனிமேல் போதுமான வாதமாகாது. அடுத்த திட்டம் எதுவாயினும், அது கையாளும் குப்பையின் ஈரப்பதமும் ஒரு டன்னுக்கான முழுச் செலவும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.