கொடி இறங்கும் மாதம்

திமிரியிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் உள்நாட்டு ஊர். ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்தது. இந்த ஊருக்கும் பாய்மரக் கப்பலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எந்த மாதம் பாய் விரிக்கலாம், எந்த மாதம் கூடாது என்ற கேள்வி 18ஆம் நூற்றாண்டில் திமிரிக் கோட்டை வரைக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் அந்தக் காலத்துச் சென்னையை மனசில் கொண்டுவர வேண்டும். துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கி வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். நங்கூரம் அறுந்தாலும் கப்பல் கடல் பக்கம்தான் போகும். அக்டோபரில் காற்று திரும்பி, வாடை தொடங்கும். இப்போது அது கடலிலிருந்து கரையை நோக்கித் தள்ளும். நங்கூரம் அறுந்தால் கப்பல் நேராகத் தரை தட்டும். கூடவே வங்கக் கடலில் புயல்களும் உருவாகும் காலம் அது.

அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. அக்டோபர் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையின் கொடி இறங்கும். டிசம்பர் 15 வரை ஏறாது. இடைப்பட்ட இரண்டு மாதமும் இந்தக் கரையை அண்டி நிற்கும் கப்பலுக்குக் காப்பீடு செல்லாது. போர்க்கப்பல்களும் கிளம்பிவிடும்: ஆங்கிலேயர் பம்பாய்க்கு, பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்கு.

இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அதில் மாட்டிக்கொண்டார். 1746 செப்டம்பரில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் பகோடா வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேசி முடித்தார். அக்டோபர் நடுவில் கிளம்பியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். புதுச்சேரியில் இருந்த ஆளுநர் துய்ப்ளே ஒப்பவில்லை. கடிதம் போனது, பதில் வந்தது, மறுபடி கடிதம் போனது. பணமா, ஊரா என்ற சண்டை முடிவதற்குள் நாள் ஓடிவிட்டது.

அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. விடிந்தபோது படையில் பாதி நாசம். சில கப்பல்கள் மூழ்கின, மற்றவை பாய்மரம் முறிந்து மிதந்தன. செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். மிஞ்சியதோடு லா பூர்தொனே இந்தக் கரையை விட்டே போனார். பிறகு பிரான்சில் பாஸ்தீல் சிறையில் கிடந்து, 1751இல்தான் விடுதலை ஆனார்.

அவர் போனதும் துய்ப்ளே அந்த ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். சென்னை பிரெஞ்சுக்காரர் கையிலேயே நின்றது. பிடிபட்டிருந்த ஆங்கிலேயர் சிலர், கொடுத்த வாக்கு இனி செல்லாது என்று சொல்லி மாறுவேடத்தில் கடலூர்ப் பக்கமிருந்த புனித டேவிட் கோட்டைக்குத் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் கணக்கெழுத வந்த இளைஞர், ராபர்ட் கிளைவ். எழுத்தர் வேலையை விட்டுச் சிப்பாய் ஆனது அதற்கப்புறம்தான்.

ஐந்து வருஷம் கழித்து, 1751 ஆகஸ்ட் கடைசியில் அதே கிளைவ் 200 ஐரோப்பியர், 300 இந்தியச் சிப்பாய்களோடு ஆற்காட்டுக்கு வந்தார். காவல்படை சண்டை போடாமல் வெளியேறித் திமிரிப் பக்கம் ஒதுங்கியது. கிளைவ் துரத்திக்கொண்டு வந்தார். கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாததால் திரும்பினார். பிறகு ஆற்காட்டில் அவரே ஐம்பது நாள் முற்றுகையில் கிடந்தார். நவம்பரில் அது முடிந்ததும் மறுபடி திமிரிக்கு வந்தார். இந்த முறை கோட்டை பணிந்தது.

ஒரு புயல்தான் எல்லாத்தையும் செய்தது என்று சொன்னால் அது கதை. நவாபுகளின் வாரிசுச் சண்டை, இரண்டு கம்பெனிகளின் பேராசை, கூலிப்படைகள் எல்லாம் இருந்தன. ஆனால் லா பூர்தொனே பத்து நாள் முன்னால் கப்பலேறியிருந்தால் கிளைவ் அந்த இரவில் வேஷம் போட்டுத் தப்ப வேண்டியிருந்திருக்குமா? கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

கொடி ஏறிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்றும் இல்லை. 1761 ஜனவரி 1 அன்று, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையைப் புயல் அடித்து நொறுக்கியது. 1964இல் தனுஷ்கோடி அழிந்தது டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. சென்னைக்கு ஒருவழியாகத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களையும் உடைத்தது. வர்தா வந்தது 2016 டிசம்பர் 12.

சரி, இன்றைக்கு இந்தக் கரையில் ஜாலியாகப் பாய்மரப் படகில் போக எது நல்ல காலம்? ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. வாடை தணிந்திருக்கும், புயல் மிக அரிது, வெயிலும் ஏறியிருக்காது. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. படகோட்டக் கற்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கிளம்புவதற்கு முன் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்கணும், கரையிலிருக்கும் மீனவரிடமும் ஒரு வார்த்தை கேட்கணும். "இன்னைக்கு வேணாம் தம்பி" என்று அவர் சொன்னால் வேணாம்தான்.

நமக்குச் சிக்கல் என்னவென்றால், லீவு கிடைப்பது டிசம்பரில். அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்ந்து வரும் அந்தப் பத்து நாளில்தான் எல்லாரும் டிக்கெட் போடுகிறோம். லா பூர்தொனேக்கும் கிளம்பாமல் இருக்கத் தக்க காரணம் இருந்தது: 11 லட்சம் பகோடா. காற்று அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கல் முடியட்டும், அப்புறம் போகலாம்.