வாயால் உறிஞ்சிய நூல்

இந்தியப் பொருளாதாரத்தை இழுத்துச் சென்ற தொழில்கள் எவை என்று கேட்டால் துணியும் ரயிலும் முதல் வரிசையில் வரும். இரண்டும் பம்பாயில் அடுத்தடுத்த ஆண்டுகளில் கால் ஊன்றின. 1853 ஏப்ரலில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1854இல் காவஸ்ஜி தாவர் தன் பஞ்சாலைக் கம்பெனியைத் தொடங்கினார். அந்த 1853இல்தான் லண்டனிலிருந்து கார்ல் மார்க்ஸ் எழுதினார்: ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதி நிற்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று. "கம்பெனிக்குத் திறமைதான் தெரியும், சாதி தெரியாது" என்று இன்று நம்மிடம் சொல்பவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்கள், மார்க்சைப் படிக்காமலே.

கரைந்ததா?

கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் மகர்கள் ஆலைகளுக்கு வந்தார்கள். வேலையும் கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் நூற்புப் பிரிவில். கூலி அதிகமாக இருந்த நெசவுப் பிரிவு அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. காரணம் எச்சில். தறியில் ஓடும் நாடாவில் ஊடை நூல் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட வேண்டும். நூலின் முனையை நாடாவின் கண் வழியாக வெளியே எடுக்க, நெசவாளி அதில் வாய் வைத்து உறிஞ்சுவார். ஒரு தலித் வாய் வைத்த நாடாவை நாங்கள் தொட மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளிகள். இதே பழக்கம் நோயைப் பரப்பும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அங்கே எச்சிலில் கிருமியைப் பார்த்தார்கள், இங்கே சாதியைப் பார்த்தார்கள்.

கவனியுங்கள், இது ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த பழைய வழக்கம் மட்டுமல்ல. விசைத்தறி வருவதற்கு முன் இந்தத் தீட்டுக்கு இடமே இல்லை. இயந்திரம் புதிது, அதற்கேற்ற தீண்டாமையும் புதிது.

1928இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆலைத் தொழிலாளிகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாப் பிரிவுகளிலும் தலித்துகளுக்கு வேலை என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்களைப் போராட்டத்திலிருந்து விலகச் சொல்வேன் என்றார் அண்ணல் அம்பேத்கர். தொழிற்சங்கத் தலைவர்கள் அரைமனதாகச் சேர்த்தார்கள். முதலாளிகளோ, இந்த அநீதிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவினார்கள். அந்தத் தடையால் அவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லையே! அடுத்த ஆண்டு வேலைநிறுத்தத்தை அண்ணல் எதிர்த்தார் என்று இன்றும் குற்றம் சொல்பவர்கள் 1928இல் நடந்ததைச் சொல்வதில்லை.

ரயிலிலும் இதே கதைதான். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அவர் இதை விளக்கினார். தண்டவாளத்தில் கேங்மேன் வேலை தலித்துக்குக் கிடைக்கும், நிலையத்தில் போர்ட்டர் வேலை கிடைக்காது. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலும் எடுபிடி வேலை செய்ய வேண்டும். வீட்டுக்குள் தலித் நுழையக் கூடாது. பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே தொழிலாளிக்கு எதிரிகள் என்று அவர் சொன்னது இந்த மேடையில்தான். அதே ஆண்டு நவம்பர் 7இல், வேலைநிறுத்த உரிமையை முடக்கும் மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார்.

1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பம்பாய் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஃபீனிக்ஸ் ஆலை நின்ற இடத்தில் இன்று பெரிய மால் இருக்கிறது. நூற்பு மட்டும் நிற்கவில்லை. அதன் பெரிய மையங்களில் ஒன்று இன்று நம் கொங்கு மண்டலமும் திண்டுக்கல்லும். மூன்றாண்டு ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி, 'சுமங்கலி' என்ற பெயரில் இந்த ஆலைகளின் விடுதிகளில் அடைக்கப்பட்ட இளம்பெண்களில் கணிசமானவர்கள் சேரிகளிலிருந்து போனவர்கள். அவர்கள் நின்றதும் நூற்புப் பிரிவில்தான்.