பன்னீராண்டில் முடிசூடிய பாலகன்

நாடாள்வோர் மக்களுக்கு விளையாட்டுப் பருவம் என ஒன்று உண்டோ? கி.பி. 731-ஐ ஒட்டி இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்தபின், காஞ்சி மாந்தர் அரசன் வேண்டி இரணியவர்மனை அடைந்தனர். அவன் மக்கள் நால்வருள் மூவர் மறுத்தனர். பன்னிரண்டு வயதினனாகிய பல்லவமல்லனே செல்ல இசைந்தான். தந்தையோ அவன் இளமை கருதித் தயங்கினான். தயங்காத தந்தை யாவர்? ஈதெல்லாம் காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயில் திருச்சுற்றிலே சிற்பமும் எழுத்துமாய் விளங்குகின்றது. மலையும் யாறும் காடுங் கடந்து வந்த சிறுவன், நந்திவர்மன் எனும் பெயரோடு முடிபுனைந்தான்.

மாமல்லபுரத்து ஆதிவராகர் கோயிலில் அவனது 65-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உளது. அதனெதிரே நின்றபோது யாம் நினைந்தது அம்முதிய வேந்தனை யன்று. விடைபெறும் பொழுதில் தந்தை முகத்தை நோக்கியிருந்த அப்பிள்ளையையே.